பிடிமண்

பெற்றோல் செட்டில் காத்து நின்று நான் காற்றடித்துக் கொண்டுவந்த டயரை, வந்த கையோடு மாமா இறக்கிவிடுவார். வால்வு ஊசியை நகத்தால் அழுத்திக்கொண்டு, சீறல் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று காதால் அளப்பார். பிறகு பெருவிரலால் டயரின் கன்னத்தை அமுக்கிப் பார்ப்பார். “இன்னும் கெடக்கு” என்பார். மறுபடி சீறும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலிருந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தவன் நான். எனக்கு வயிறு எரியும்.

“அப்ப எதுக்கு மாமா அடிச்சிக்கிட்டு வரச் சொன்னீங்க?”

“ரிம்முல டயர் ஒழுங்கா குந்தணும்டா. அதுக்குத்தான் அந்தக் காத்து. குந்திருச்சில்ல, இனி அது என்னத்துக்கு?”

30இல் வந்தது 12இல் நிற்கும். மழை பெய்து மண் ஊறியிருந்தால் 10. அதைப் பார்க்கிற அளவுமானி எங்களிடம் இல்லை. செட்டில் தொங்கிய மானியின் முள் 20க்குக் கீழே எதையும் நம்பும்படி சொல்லாது. எல்லாம் மாமாவின் பெருவிரல்தான். பல வருஷங்களுக்குப் பிறகு, வெளிநாட்டில் நல்ல மானி ஒன்றை வாங்கி, ஒரு டயரை என் விரலால் அமுக்கி “இது மாமாவின் பன்னிரண்டு” என்று முடிவு செய்துகொண்டு அளந்தேன். பன்னிரண்டரை காட்டியது.

கராஜ் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஆற்றைப் பார்த்த தகரக் கொட்டில் அது. ராஜா செத்த வருஷம் மாமா அதைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் வருஷங்களுக்கு எண் கிடையாது. கடைகளை எரித்த வருஷம், விக்டோரியா அணை திறந்த வருஷம், ராஜா செத்த வருஷம். தலதா மாளிகைப் பெரஹராவில் பேழை சுமந்த அந்தக் கொம்பன் யானை 1988 ஜூலையில் செத்தது. அதற்கு முன்பு மாமா கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் இஸ்டோர் பிட்டராக இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் சனம் வைத்த பெயர் இஸ்டோர். அங்கே எஞ்சின் ரூமில் ஆளுயரச் சக்கரத்தோடு ஓடிய பழைய எண்ணெய் எஞ்சினைப் பதினெட்டு வருஷம் பார்த்தவர். அவருடைய எல்லாப் படிப்பும் அந்தச் சக்கரத்தில் இருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கராஜுக்கு வெளியே பழைய டயர் ஒன்றைக்கூட மாமா அடுக்கி வைக்க மாட்டார். எல்லாம் உள்ளே, தார்ப்பாய்க்குக் கீழே. வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும் என்பார். அது உண்மைதான். ஆனால் அது 1989க்குப் பிந்திய காலம். ஆற்றோரத்திலும் ரோட்டோரத்திலும் டயர் போட்டு ஆட்களை எரித்த காட்சிகளைக் கண்டிக்காரர்கள் கண்ணால் பார்த்து அதிக நாளாகவில்லை. பாதையில் இரண்டு டயர் சும்மா கிடந்தாலே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நடந்தார்கள்.

யமஹா வைஸெட் 125 என்ற மண்பாதைப் பந்தய பைக் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஜப்பானிலிருந்து பழைய உதிரிகள் வருகிற கொள்கலனில், பாதி கழற்றிய நிலையில் வந்தது. லைட் இல்லை, ஹோர்ன் இல்லை, நம்பர் தகடு மாட்ட இடமே இல்லை. ரோட்டில் ஓட்ட முடியாத ஒரு சாமானை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று அத்தை ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவின் மகன், எனக்கு நான்கு வயது மூத்த மச்சான், பதிலே சொல்லாமல் அதைப் பொருத்திக்கொண்டிருந்தான். அதுவரை நாங்கள் பார்த்த டூ-ஸ்ட்ரோக் எல்லாம் டீடீ 125, டீஎஸ் 125 மாதிரி ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டிகள். வைஸெட் அந்தக் குடும்பத்தில் பிறந்து காவடி எடுத்து ஆடப் போன பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக் கயிறு கட்டி, ஹந்தானைக்குப் பின்பக்கம், உடுவெலைப் பக்கமாகக் கொண்டுபோவோம். தேயிலை பிடுங்கிவிட்டு வெறுமனே கிடந்த சரிவு ஒன்று அங்கே இருந்தது. கண்டியின் செம்மண்ணைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காய்ந்தால் ஓடு. மேலே பொடிப்பொடியாக மாவு மாதிரித் தூள், அதற்குக் கீழே கல். ஒரு மழை விழுந்தால் மேல் ஒரு விரல்கடை சோப்பாகிவிடும், அடியில் அதே ஓடு. பின்சக்கரத்துக்கு இரண்டும் சத்துரு.

முதல் ஞாயிறு மச்சான் ஏறியதை மறக்க முடியாது. வைஸெட்டின் எஞ்சின் அடியில் தூங்கும். எட்டாயிரம் சுற்று வரைக்கும் அது யாரோ வேறு வீட்டுப் பைக் மாதிரி முனகிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் திடீரென்று பேய் பிடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கின் புகைக்குழாய் நடுவில் வயிறு பெருத்து இருப்பது அழகுக்கல்ல. வெளியே போகிற அலை அந்த வயிற்றில் மோதித் திரும்பிவந்து, தப்பியோடப் பார்க்கிற புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஒரு குறிப்பிட்ட சுற்றுவேகத்தில்தான் சரியாக விழும். விழுந்த கணத்தில் பலம் மொத்தமும் ஒரே அடியாக வந்து சேரும். ஈர மண் அந்த அடியைத் தாங்காது. சத்தம் மேலே மேலே போனது, பைக் அங்கேயே நின்றது. பின்னால் நின்ற என் மேல் அரைக்கூடை மண். மச்சான் இன்னும் முறுக்கினான். டயர் தனக்கு ஒரு குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

“பெலன் பத்தல அப்பா,” என்றான் கீழே வந்து.

“பெலன் கூடிப்போச்சுடா,” என்றார் மாமா.

அன்றைக்கு மாமா காற்றை இறக்கினார். பத்து நிமிடம் நன்றாக ஏறியது. பதினோராவது நிமிடம் பைக் நின்றது. காற்றுக் குறைந்த டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, உள்ளே டியூபையும் இழுத்துக்கொண்டு போய், வால்வை அடியோடு பிய்த்துவிட்டிருந்தது. மூன்று மைல் தள்ளிக்கொண்டு இறங்கினோம். டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கிற ரிம் லொக் என்ற சின்ன இரும்புத் துண்டு அந்தச் சக்கரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதும், கொள்கலன் வழியில் எங்கேயோ அது கழன்றுபோயிருந்தது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமா அடுத்த வாரமே ஒன்று செய்து பூட்டினார்.

காற்றைக் குறைத்தால் ஏன் பிடிக்கிறது என்று நான் கேட்டபோது மாமா பதில் சொல்லாமல் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். கட்டுகஸ்தோட்டையில் அப்போதும் பாகன்கள் யானை குளிப்பாட்டுவார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க வரிசையில் வந்த கரை. பின்னவலை பெயரெடுத்த பிறகு பஸ்கள் அங்கே போய்விட, எங்கள் கரையில் ஒன்றிரண்டு யானைகள் மிஞ்சியிருந்தன. நாங்கள் போன அன்று நின்றது ஒரு பெண் யானை.

“காலைப் பாரு,” என்றார்.

அது சேற்றில் காலை வைத்தது. அத்தனை பாரமும் அந்த ஒரு காலில் இறங்கியபோது பாதம் பிட்டுக் குழல் கழற்றிய பிட்டு மாதிரி அகன்றது. தூக்கியபோது சுருங்கியது. சுருங்கியதால் சேறு அதைப் பிடித்து வைக்கவில்லை, சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. அத்தனை பெரிய மிருகம் வழுக்காமல் கரையேறிப் போனது.

“காத்து நெறஞ்ச டயரு ஆட்டுக் குளம்பு மாதிரி. இது யானக் காலு.”

எங்கள் தமிழ் வாத்தியார் அதற்கு முந்திய தவணையில்தான் களிறு ஆண் யானை, பிடி பெண் யானை என்று சொல்லிக்கொடுத்திருந்தார். பிடி என்றால் பிடிப்பு, பிடி என்றால் ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். “வாத்தியாருக்குப் பைக் ஓடத் தெரியுமா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாடம். அத்தையின் தையல் டேப்பை எடுத்து, பின்சக்கர அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு கோடு வரைக்கும் மாமா அளப்பார். பைக்கைத் தூக்கி நிறுத்தி ஒரு அளவு, மச்சான் சப்பாத்தும் தொப்பியுமாக ஏறி நின்ற பிறகு ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 100 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். முதல் தடவை 70தான் இருந்தது. மச்சான் 58 கிலோ. சுருளி அவனைப் பொருட்படுத்தவே இல்லை. பின்சக்கரத்தின் மொத்த ஓட்டம் சுமார் 300 மில்லிமீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆள் ஏறும்போதே அமுங்கியிருந்தால்தான், குழி வருகிற இடத்தில் சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொட முடியும். இல்லாவிட்டால் குழிக்கு மேலே அந்தரத்தில் சுற்றும். மாமா உளியும் சுத்தியலுமாகச் சுருளியின் வளையத்தைத் தட்டித் தட்டித் தளர்த்தினார். அமுங்கிய சுருளி எவ்வளவு மெதுவாகத் திரும்பலாம் என்பதற்கு ஒரு திருகு உண்டு. அதில் இரண்டு சொடுக்கு. அதிகம் மெதுவானால் அடுத்த குழிக்குள் அது எழும்பியிருக்காது, அதிகம் வேகமானால் உதைக்கும்.

பின் அச்சை ஒரு விரல்கடை முன்னால் தள்ளி, செயினில் ஒரு கண்ணி கழற்றினார். சக்கரம் ஆளுக்குக் கீழே வந்தால் பாரம் அதன்மேல் விழும். முன்சக்கரம் தூக்கப் பார்க்கும், அதை மச்சான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாரியில் இரும்புவாளால் டயரின் நடுவரிசைப் பற்களில் ஒன்றுவிட்டு ஒன்றை அறுத்து எறிந்தார். 19 அங்குல டயர் கண்டியில் கிடைக்காது, கொழும்பிலும் தேட வேண்டும். அப்படிப்பட்ட டயரை அவர் அறுத்தபோது மச்சான் எழும்பி வெளியே போய்விட்டான். ஆனால் பல்லுக்குப் பல் இடம் விட்டால்தான் செம்மண் களி அதில் அப்பாமல் உதிரும். அப்பிவிட்டால் டயர் உருட்டிப் பிசைந்த ரொட்டி மாவு. ஒவ்வொரு பல்லும் ஒரு மண்வெட்டி, வாய் மழுங்கின மண்வெட்டியால் யாராவது கொத்துவார்களா என்பார். மழுங்கினால் டயரைத் திருப்பிப் போடுவார், மறுவாய் கூராக இருக்கும்.

சிலிண்டரின் வெளியேற்று வாயில் ஒரு சின்ன வால்வு. சுற்றுக் குறைவாக இருக்கும்போது வாயைச் சிறிதாக்கும், கூடும்போது பெரிதாக்கும். அது கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கிக் கிடந்ததை மாமா கண்டுபிடித்தபோது எங்களுக்குப் பாதி வியாதி விளங்கிவிட்டது. அதனால்தான் அடியில் அவ்வளவு தூக்கம், மேலே அவ்வளவு பேய். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டியெடுத்தோம்.

மிச்சப் பாதிக்குத்தான் இஸ்டோர்ச் சக்கரம் வந்தது. கொழுந்து உருட்டுகிற மெசின்களின் பாரம் பட்டையில் திடீரென்று விழும்போது எஞ்சின் மூச்சுத் திணறாமல் இருந்ததற்குக் காரணம் அந்த ஆளுயரச் சக்கரம். ஓடிக்கொண்டிருக்கிற பாரம் தன் ஓட்டத்தைச் சட்டென்று கூட்டவும் விடாது, குறைக்கவும் விடாது. வைஸெட்டின் ஃப்ளைவீல் உள்ளங்கைக்குள் அடங்கும். மாமா லேத் பட்டறையில் ஓர் இரும்பு வளையம் கடையச் செய்து, கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அதன்மேல் பொருத்தினார். வளையம் ஒரு மயிர் விலகி உட்கார்ந்தாலும் எஞ்சினின் முதுகெலும்பு உடையும். அதனால் மூன்று தடவை கழற்றி மாட்டினார். உலகம் முழுக்கப் பந்தயக்காரர்கள் எடை குறைக்கக் காசு செலவழிக்கிறார்கள், என் அப்பா எடை கூட்டுகிறார் என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். மாட்டிய அன்று அவன் கீழிருந்து சரிவைப் பார்த்து ஏறினான். பேய் வந்தது, ஆனால் படியேறி வந்தது.

“ரெண்டுல ஏறாத. மூணுல ஏறு,” என்று கத்தினார் மாமா. மேடு ஏறக் கீழ்க் கியர் என்று எங்கள் லொறிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா நேர்மாறாகச் சொன்னார். உயர்ந்த கியரில் சக்கரத்துக்குப் போகிற முறுக்கு குறையும், முறுக்கு குறைந்தால் மண் பொறுத்துக்கொள்ளும். சொல்லிவிட்டு அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரைக்கும் கண்ணில் நிற்கிறது. சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மகன் ஏறுவதை அவர் பார்க்கவே இல்லை. கேட்டார். சத்தம் உயர்ந்தால், “சுத்துது” என்பார். சத்தம் அப்படியே இருந்து தூரம் மட்டும் போனால், பீடியை எடுத்துப் பற்றவைப்பார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் ஏப்ரலில் தியத்தலாவைக்குப் போனோம். வெலிமடையிலிருந்து மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லொறி. கம்பளை, புசல்லாவை, நுவரெலியா, வெலிமடை. பந்தயத் திடல் இராணுவத்தினுடையது. 1900இல் ஆங்கிலேயர் ஐயாயிரம் போயர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த ஊர். பிற்பாடு எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் கப்பல்காரர்கள் மலைச்சரிவில் வெள்ளைக் கல்லால் தங்கள் கப்பலின் பெயருக்கேற்ப ஒரு நரியின் உருவத்தைப் பதித்துவிட்டுப் போக, மலைக்கு ஃபொக்ஸ் ஹில் என்று பேராயிற்று. யுத்த காலத்தில் மூன்று தமிழர்கள் பைக்கோடு அங்கே போவது அத்தைக்குப் பிடிக்கவில்லை. வழியில் நான்கு இடத்தில் அடையாள அட்டை காட்டினோம். ஓர் இடத்தில் சிப்பாய்ப் பையன் ஒருவன் லொறியில் ஏறி, மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டுப் பின் டயரை அமுக்கினான். காற்றே இல்லையே என்று சிங்களத்தில் சிரித்தான். மாமா இறங்கிப்போய் அவனுக்கும் யானைக் கால் கதையைச் சொன்னார். அவர் சிங்களம் மச்சானைவிட நல்ல சிங்களம். பையன் இறுதியில் கயிற்றை இறுக்கிக் கட்டித் தந்தான்.

காலையில் புழுதி, மத்தியானம் சித்திரை மழை. மழையில் எல்லோருடைய பின்சக்கரமும் மேட்டில் வாலாட்டியது. சனம் முழுக்க மேட்டைப் பார்த்து நின்றபோது, மாமா கம்பி வேலிக்கு முதுகைக் கொடுத்து நின்றார். இருபது பைக் சத்தத்தில் தன் பைக்கை எப்படிப் பிரித்தெடுத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். மச்சான் மேட்டில் ஐந்து பேரைத் தாண்டினான். கால் கிலோ வளையம் தன் கூலியை நேர்ப்பாதையில் வாங்கியது. வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் சோம்பலாக எழும்ப, அதே ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பத் தாண்டினார்கள். ஒன்பதாவதாக வந்தான். திரும்புகிற வழியெல்லாம் அப்பனும் மகனும் பேசவில்லை. ரம்பொடைக் கிட்ட மாமா மட்டும், “மேட்டுல ஒரு தடவகூட சுத்தல,” என்றார்.

1997இல் அமெரிக்காவில், லாஸ் வேகாஸ் பந்தயத்தில், டக் ஹென்றி நான்கு-ஸ்ட்ரோக் யமஹா ஒன்றை ஓட்டி வென்றார். பழைய சஞ்சிகைக் கடையில் வாங்கிய இதழில் அந்தப் படத்தை மச்சான்தான் மாமாவிடம் காட்டினான். இரண்டு சுற்றுக்கு ஓர் அடி அடிக்கிற எஞ்சின். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில் டயருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மாமா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம வளையத்த அவனுக உள்ளுக்கே போட்டுட்டானுக,” என்றார். பத்து வருஷத்தில் பந்தயத் திடல்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஹொண்டா 2007உடன் சீஆர் வரிசையை நிறுத்திக்கொண்டது. யமஹா இன்னும் வைஸெட் 125 விற்கிறது என்று கேள்விப்படுகிறபோது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் உயிரோடிருப்பதாகக் கேட்ட மாதிரி இருக்கும்.

ஊரிலும் அந்தச் சத்தம் அடங்கியது. 2008இல் டூ-ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டி இறக்குமதி நின்றது. நல்லதுதான். கண்டி ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை, புகை போவதற்கு வழியில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நின்று வளர்ந்த எங்கள் தலைமுறையின் நெஞ்சு படத்தில் எப்படியிருக்கும் என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். அந்த எண்ணெய்ப் புகையின் வாசம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்வதில் கொஞ்சம் வெட்கம் உண்டு.

வைஸெட்டை விற்ற காசு மச்சானின் விமான டிக்கட்டில் பாதி. கழற்றிக் கொடுத்தபோது மாமா வளையத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். வாங்கினவனுக்கு வேகம்தான் வேண்டுமாம். மாமா போய்ப் பதினைந்து வருஷமாகிறது. மச்சான் கனடாவில் பிக்கப் ஓட்டுகிறான். பனிக்காலத்தில் பின்பெட்டியில் இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொள்வதாகச் சொன்னான். “அப்பா இருந்தா நேரா அச்சுக்கு மேல வைக்கச் சொல்லுவாரு,” என்றான். அங்கேதான் வைத்திருக்கிறானாம்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவைப் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் போனது. ஏழு பேர் செத்துப் போனார்கள், ஓர் எட்டு வயதுப் பிள்ளை உட்பட. கைபேசியில் வந்த காட்சியை ஒரு தடவைதான் பார்த்தேன்.

போன வருஷக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். கராஜ் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. ஆற்றங்கரையில் யானை இல்லை. ஹந்தானைக்கு ஒரு முச்சக்கரவண்டி பிடித்தேன். இப்போது கார்ப்பெட் ரோடு தேயிலை நூதனசாலையையும் தாண்டிப் போகிறது. அதற்கப்பால் நான் சொன்ன வளைவில் திரும்பியதும் பழைய செம்மண். முந்தின இரவு மழை. நூறு யார் போயிருப்போம், பின்சக்கரம் ஒன்று சுற்றத் தொடங்கியது. ஓட்டிய தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். முறுக்கினான். சத்தம் மேலே போனது.

“தம்பி, முறுக்காதீங்க. பின் டயர்ல கொஞ்சம் காத்த எறக்குவோம்.”

“அதுக்குப் பொறகு எங்க அங்கிள் அடிக்கிறது? கீழ டவுனுக்கே போகணும்.”

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அவன் இறங்கிவந்து சக்கரத்தைப் பார்த்தான், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அங்கிள் எத்தன கிலோ?”

“எண்பத்தாறு.”

“அப்ப பின்னால பம்பர்ல ஏறி நில்லுங்க. சுத்துற பக்கமா. கூரையப் புடிச்சிக்கங்க.”

ஏறி நின்றேன். அச்சுக்கு நேர்மேலே வருகிற மாதிரி ஒரு சாண் தள்ளி நின்றேன். அவன் மெதுவாகக் கிளச்சை விட்டான். கால்சட்டையில் முழங்கால் வரைக்கும் மண் அடித்தது. சத்தம் உயரவில்லை.

“சரி அங்கிள், எறங்கிறாதீங்க,” என்று முன்னாலிருந்து கத்தினான். “மேல வரைக்கும் அப்பிடியே நில்லுங்க.”